ராணியின் கண்ணை மறைத்த உறை

இசைத்தட்டின் உறையை நெருங்கி வந்து பாருங்கள். இரண்டாம் எலிசபெத்தின் கண்களும் வாயும் இருந்த இடத்தில், செய்தித்தாளில் வெட்டியெடுத்தது போன்ற கோணல்மாணல் எழுத்துகள். வடிவமைத்தவர் ஜேமி ரீட். 1977, ராணி அரியணை ஏறியதன் வெள்ளிவிழா ஆண்டு. ஊரே கொண்டாட்டத்தில் இருக்க, வேலை கிடைக்காத இளைஞர்களின் கோபத்தை ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ இசைக்குழு இந்தத் தட்டில் பாடியது. ஒப்பந்தம் போட்ட ‘ஏ அண்ட் எம்’ நிறுவனம் ஒரே வாரத்தில் குழுவைக் கைவிட்டு, தயாரான தட்டுகளில் பெரும்பாலானவற்றை அழித்தது. மே மாதம் ‘வர்ஜின்’ நிறுவனம் தட்டை வெளியிட்டது. பி.பி.சி. தடை விதித்தும், விற்பனைப் பட்டியலில் பாட்டு இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

ஆனால் இந்தச் சர்ச்சையைவிடப் பெரிய விஷயம், 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் நடந்த இதே குழுவின் கச்சேரி. சிறிய அரங்கம், சொற்பக் கூட்டம். அதில் இருந்த பீட்டர் ஹூக்கும் பெர்னார்ட் சம்னரும்தான் பிறகு ‘ஜாய் டிவிஷன்’ குழுவைத் தொடங்கினார்கள்.