ஆயுட் காப்புறுதியும் உடல்நல மதிப்பீடும்

மரணம் நிச்சயம், அது வருங் காலம் நிச்சயமன்று. அந்த நிச்சயமின்மைக்கு விலை குறிப்பது எங்ஙனம்? கல்லூரியை விட்டு உத்தியோகம் ஏற்கும் நம் மாணவர் ஒவ்வொருவரும் என்றோ எதிர்கொள்ளும் விடயம் இதுவாதலின், இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தனியொருவன் எப்போது இறப்பான் என எவராலும் கூறவியலாது. ஆயின், ஒத்த வயதினர் ஆயிரவருள் ஓராண்டில் எத்துணைப் பேர் இறப்பர் என்பதைப் பழைய பதிவுகளைக் கொண்டு ஏறக்குறையக் கூறலாம். இன்று போலந்து நாட்டிலுள்ள பிரெசுலோ நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, எட்மண்ட் ஹலி என்னும் வானநூலறிஞர் 1693ஆம் ஆண்டில் ஆயுள் அட்டவணையொன்றை வெளியிட்டார். 1762இல் இலண்டனில் நிறுவப்பெற்ற எக்குவிற்றபிள் சங்கம் வயதுக்கேற்பக் கட்டுப்பணம் அறவிட்டது.

வயது ஒன்றே போதாது. உடற்பருமன், குருதியமுக்கம், நீரிழிவு, புகைபிடித்தல், குடும்பத்தில் இளவயதில் நேர்ந்த இருதய நோய், செய்தொழில் ஆகியனவும் நோக்கற்பாலன. அமெரிக்காவில் ரோஜர்ஸ் என்னும் மருத்துவரும் ஹன்டர் என்னும் காப்புறுதிக் கணிதரும் இவற்றை எண்ணால் அளக்கும் முறையை வகுத்தனர். சராசரி நிலை 100 எனக் கொண்டு, பாதகமானவற்றுக்குப் புள்ளி கூட்டுவர், சாதகமானவற்றுக்குக் கழிப்பர். ஒருவர் 150 பெற்றாராயின், சராசரி மக்களில் நால்வர் இறக்கும் காலத்தில் அவரை ஒத்தவருள் அறுவர் இறப்பர் என்பதே பொருள். ஆதலின் மிகுகட்டணம் இகழ்ச்சியன்று. அதுவே பொது நிதிக்குச் செய்யும் நீதி. நோயுடையார்க்குக் காப்புறுதியே இல்லை என அஞ்சுதலும் வேண்டா. நீரிழிவை ஒழுங்காகக் கட்டுப்படுத்தி வருவோர் பலர் மிகுகட்டணத்துடன் ஏற்கப்படுகின்றனர்.

இம்மதிப்பீட்டுக்கு அடிப்படை வாய்மையே. உடலின் வரலாற்றை அறிந்தவன் அதற்குரியவன், நிறுவனம் அறியாதது. அறிந்தவன் மறைத்தலாகாது என்னும் நெறியை மான்ஸ்பீல்ட் பிரபு 1766இல், கோட்டையொன்றின் காப்புறுதி பற்றிய வழக்கில் நிலைநாட்டினார். அந்நெறி ஆயுட் காப்புறுதிக்கும் உரியதாயிற்று.

சிலர் சிறு தொகை மிச்சம் பிடிக்க நோயை மறைப்பர். முகவர் எழுதிய விடைகளைப் படியாமலே கையொப்பமிடுவாரும் உளர். மறைத்தது பெரும்பாலும் வெளிப்படுவது இழப்பீடு கோரும் வேளையிலேயாம். அப்போது விளக்கங் கூற அவர் இரார். வைத்தியசாலைக் குறிப்புகளே பேசும். பணம் மறுக்கப்படின் வருந்துவோர் கைம்பெண்ணும் குழந்தைகளுமே. விடையெழுதுவோர் நாமாயினும் அதன் பயனை நுகர்வோர் அவர்களே என்பதை நினைந்து, ஒவ்வொரு வினாவுக்கும் உண்மையே எழுதுவோமாக.