பெறுபேற்றுத் தாளை வாசிக்கக் கற்போம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் எமது வீடுகளிலே நடப்பதை நாம் அனைவரும் அறிவோம். பிள்ளையின் சுட்டெண்ணைக் கைத்தொலைபேசியில் தட்டிவிட்டு, இணையத்தளம் திறக்கும் வரை வீடே மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கின்றது. பெறுபேறு வந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் அயலவரின் கேள்வியும் வந்துவிடுகின்றது: “எத்தனை ஏ?” பதினொரு ஆண்டுகள் பாடசாலை சென்ற பிள்ளையின் படிப்பு முழுவதும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றது.

ஆனால் அந்தத் தாளை முறையாக வாசிக்கத் தெரிந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்? வாசிக்கத் தெரியாததால் வீணாக மகிழ்வோரும் உண்டு, வீணாக அழுவோரும் உண்டு. எனவே அத்தாள் சொல்வது என்ன, சொல்லாதது என்ன என்பதைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

சாதாரண தரத்தில் ஒரு மாணவர் ஒன்பது பாடங்களுக்குத் தோற்றுகின்றார். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயப் பாடங்கள். ஏனைய மூன்றும் தொகுதிப் பாடங்களிலிருந்து தெரிவு செய்யப்படுபவை. ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் எழுத்து வழங்கப்படும். 75 புள்ளிகளும் அதற்கு மேலும் ஏ. 65 முதல் 74 வரை பி. 50 முதல் 64 வரை சி, அதாவது திறமைச் சித்தி. 35 முதல் 49 வரை எஸ், அதாவது சாதாரண சித்தி. 35இற்குக் கீழ் டபிள்யூ, அதாவது சித்தியின்மை.

இங்கே நாம் முதலில் கவனிக்க வேண்டியது, எழுத்து என்பது புள்ளியன்று, ஒரு வீச்சு என்பதே. 74 புள்ளி பெற்ற பிள்ளைக்கு பி கிடைக்கின்றது. 75 பெற்ற பிள்ளைக்கு ஏ கிடைக்கின்றது. இவ்விருவருக்கும் இடையே உள்ளது ஒரேயொரு புள்ளிதான். ஆனால் 75 பெற்றவருக்கும் 98 பெற்றவருக்கும் ஒரே ஏ. ஆகவே “அவளுக்கு ஏ, உனக்கு மட்டும் ஏன் பி?” என்று கேட்கும் பெற்றோர், தமக்கே தெரியாத ஒரு வித்தியாசத்தை வைத்துப் பிள்ளையைக் கடிந்துகொள்கின்றனர்.

இரண்டாவதாக, ஏக்களின் எண்ணிக்கை மட்டும் உயர்தர வகுப்பின் கதவைத் திறப்பதில்லை. தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் குறைந்தது மூன்றில் திறமைச் சித்தியும் பெற்றிருக்க வேண்டும் என்பதே பொது விதி. எட்டுப் பாடங்களில் ஏ பெற்று, கணிதத்தில் மட்டும் டபிள்யூ பெற்ற பிள்ளை இவ்விதியை நிறைவு செய்வதில்லை. தாய்மொழி, கணிதம் உட்பட மூன்று சி, மூன்று எஸ் பெற்ற பிள்ளையோ நிறைவு செய்துவிடுகின்றது. ஒன்பது பாடங்களிலும் எஸ் பெற்ற பிள்ளை எல்லாவற்றிலும் சித்தியடைந்ததுதான். ஆனாலும் திறமைச் சித்தி இல்லாமையால் அதற்குத் தகுதி கிடைப்பதில்லை. இவற்றுக்கு மேலாக, தெரிவு செய்யும் பிரிவுக்கேற்பக் கணிதத்திலோ விஞ்ஞானத்திலோ திறமைச் சித்தி கேட்கப்படுவது வழமை. சுற்றறிக்கைகளில் விதிவிலக்குகளும் வருவதுண்டு. எனவே கண்ணீருக்கு முன்பாக அதிபரைச் சந்திப்பதே நன்று.

மூன்றாவதாக, சாதாரண தரப் பெறுபேற்றையும் உயர்தரப் பெறுபேற்றையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றோம். உயர்தரத்தின் பின் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி பயன்படுத்தப்படுகின்றது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளி, அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதைக் கணக்கிட்டு, மூன்று பாடங்களினதும் சராசரியை எடுப்பதே அது. ஆகவே அது மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பெறப்படும் எண்; இடங்கள் குறைவாக இருப்பதால் அங்கே வரிசை தேவைப்படுகின்றது. சாதாரண தரத்தின் நோக்கம் வேறு. அடுத்த படிக்குப் பிள்ளை ஆயத்தமா என்பதையே அது பார்க்கின்றது. அயல்வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பது ஏ கிடைத்ததால் எமது பிள்ளையின் இடம் எதுவும் பறிபோவதில்லை. வரிசை தேவையில்லாத இடத்திலே வரிசையை உண்டாக்குபவர்கள் நாமே அல்லவா?

நடைமுறை சார்ந்த இரு விடயங்களையும் இங்கு குறிப்பிடுவது பயனுள்ளது. எதிர்பாராத பெறுபேறு வந்தால், குறிக்கப்பட்ட திகதிக்குள் மீள் பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்து, சான்றிதழில் உள்ள ஆண்டும் பரீட்சை நடந்த ஆண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பெருந்தொற்றுக் காலத்திலே 2020ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2021 மார்ச்சிலும், 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 மே மாதத்திலும் ஆரம்பமாகின. அப்பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கையில் சான்றிதழில் உள்ள ஆண்டையே எழுத வேண்டும்.

இனி, டபிள்யூ பெற்ற பிள்ளையைப் பற்றி. அந்த எழுத்து, ஒரு பாடத்தில், ஒரு பரீட்சையில் 35 புள்ளி எட்டப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கின்றது. பிள்ளை சோம்பேறி என்றோ, குடும்பத்திற்கு அவமானம் என்றோ அதில் எழுதப்படவில்லை. அவற்றை எழுதுபவை எமது நாவுகளே. அப்பாடத்திற்கு மீண்டும் தோற்ற வழியுண்டு. 2017இல் ஆரம்பிக்கப்பட்ட 13 ஆண்டுக் கல்வித் திட்டத்தின்படி, சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் தொழிற்பிரிவு உள்ள பாடசாலைகளில் தரம் 12இல் சேர்ந்து படிக்கலாம். ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழில் தகைமை முறையும் இருக்கின்றது. அதன் ஐந்தாம், ஆறாம் மட்டங்கள் டிப்ளோமா. ஏழாம் மட்டம் பட்டத்திற்குச் சமமானது. மின்னிணைப்பாளராகவோ தச்சராகவோ தொடங்கும் பிள்ளைக்கும் மேலே ஏறப் படிகள் உண்டு.

எமது பங்குகளிலும் பெறுபேறு வந்த மாதத்தில் கௌரவிப்பு விழாக்கள் நடைபெறுகின்றன. ஒன்பது ஏ பெற்றவர்களை மேடைக்கு அழைத்து மாலை அணிவிக்கின்றோம். அது நல்லதே, உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே நாளில் ஆலயத்தின் பின்வரிசையில், ஒருவருடைய கண்ணிலும் படாமல் எழுந்து சென்றுவிட எண்ணும் பிள்ளையும் எமது பங்கின் பிள்ளையே. தந்தை கடலுக்குப் போக, தாயோடு மீன் விற்று, இரவிலே படித்துக் கணிதத்தில் எஸ் எடுத்த பிள்ளையின் உழைப்பை எந்த எழுத்து அளவிடும்? அப்பிள்ளையின் வீட்டுக்கு ஒரு மாலைப்பொழுதில் நாம் போய் வந்தால் என்ன? கணிதம் தெரிந்த இளைஞர் ஒருவர், மீண்டும் தோற்றவிருக்கும் நால்வருக்கு வாரத்தில் இருநாள் பாடம் சொல்லிக் கொடுத்தால் என்ன?

பெறுபேறு வந்த இரவில் பிள்ளையைத் தனியே விடாதிருப்போம். கடிந்துகொள்ளும் வார்த்தைகளை மறுநாளுக்கு ஒத்திவைப்போம்; மறுநாள் அவை தேவையற்றுப் போகலாம். பிள்ளை பேசாமல், உண்ணாமல் ஒதுங்கியிருந்தால் அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திற்கு அழைத்துப் பேசலாம், பெற்றோரும் பேசலாம்.

அடுத்த தடவை பெறுபேறு வெளிவரும்போது, “எத்தனை ஏ?” என்ற கேள்வியை விட்டுவிட்டு, “இனி என்ன செய்ய விரும்புகிறாய், மகளே?” என்று கேட்கப் பழகுவோம். பதில் உடனே வராவிட்டாலும் பிள்ளையின் அருகிலேயே அமர்ந்திருப்போம்.