சத்தம் வேறு, இழுவை வேறு!
பிக்கப் வண்டிக்கு எக்ஸோஸ் மாற்ற நினைக்கும் தோட்டத்துத் தம்பிகளுக்குச் சில வார்த்தைகள்

ஒரு காலத்தில் தோட்டத்து மண்சடக்கில் காடிச் சத்தம் கேட்டால் "துரை வர்றாரு!" என்று நிரையில் நிற்பவர்கள் எல்லாம் சுறுசுறுப்பாகி விடுவார்கள். வண்டி என்றாலே அது துரையின் வண்டிதான். இன்று அந்த நிலை மாறிவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நடந்துபோன தொழிலாளியின் பேரன் சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கி, செம்பனைக் குலை ஏற்றவும் உரம் இறக்கவும் காண்டிராக்ட் எடுக்கிறான். இதைக் கண்டு நமக்கு மகிழ்ச்சியே தவிர வேறொன்றுமில்லை.

ஆனால் வண்டி வாங்கிய சூட்டோடு நம் தம்பிகளைப் பிடித்துக்கொள்ளும் ஆசை ஒன்று உண்டு. கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய எக்ஸோஸ் குழாயைக் கழற்றிவிட்டு, மூன்று அங்குலக் குழாயும் பளபளக்கும் வாயும் பூட்ட வேண்டும் என்ற ஆசைதான் அது. "என்னாண்ணே, குழாய மாத்துனா வண்டி பறக்குமாமே, மெய்யா? டீசலும் மிச்சமாவுமாமே?" என்று கேட்பவர்கள் பலர். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலைச் சொல்ல வேண்டியது நம் கடமை என்று கருதுகிறோம். ஏனென்றால் இது வெறும் விளையாட்டுக் காசல்ல. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நல்ல துருப்பிடிக்காத எக்ஸோஸ் ஒரு செட்டு அந்தச் சம்பளத்தில் பெரும் பங்கை ஒரே நாளில் விழுங்கிவிடக் கூடியது.

குழாயின் வேலை என்ன?

எஞ்சினுக்குள் டீசல் எரிந்ததும் சூடான புகை வெளியே பாய்கிறது. இன்றைய பிக்கப் வண்டிகளில் அந்தப் புகை நேரே வெளியே போய்விடுவதில்லை. முதலில் டர்போ என்ற சக்கரத்தைச் சுழற்றுகிறது. 1905-இல் ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிஸ் நாட்டுப் பொறியாளர் காப்புரிமை பெற்ற யோசனை இது. வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டே எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊட்டுவதுதான் அதன் தந்திரம். அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும்.

டர்போவைத் தாண்டிய புகை ஒரு வளைகுழாய் வழியாக கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் வடிப்பானுக்குள் போகிறது. புது வண்டிகள் சிலவற்றில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் இன்னொரு வடிப்பானும் இருக்கும். அதன் பிறகுதான் சைலன்சர், கடைசியில் வால்குழாய். இவ்வளவு தூரம் கடந்து வருவதற்குள் புகையின் விஷம் ஓரளவு குறைகிறது, சத்தம் அடங்குகிறது. சைலன்சர் ஒன்றும் நேற்று வந்த சாமான் அல்ல. அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். எஞ்சின் பிறந்த சில ஆண்டுகளிலேயே அதன் வாயை அடக்கவும் ஆள் தேவைப்பட்டது!

இழுவை கூடுமா?

கூடும், கூடாது என்று இரண்டு பதிலும் சொல்லலாம். டர்போ எஞ்சினில் புகை தடையின்றி வெளியேறினால் டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும். சுமையோடு மேடு ஏறும்போது எஞ்சினின் சூடும் சற்றுக் குறையும். இது உண்மை. ஆனால் பெரும்பாலான கடைகளில் மாற்றிக் கொடுப்பது வடிப்பானுக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டுந்தான். நெருக்கடியான இடமோ டர்போவின் வாயிலும் வடிப்பானிலும் இருக்கிறது. முன்னால் கழுத்து இறுக்கமாக இருக்க, பின்னால் வாயை மட்டும் அகலமாக்கினால் மூச்சு எப்படி எளிதாகும்?

மேலும் டீசல் எஞ்சினில் சக்தி என்பது எரியும் எண்ணெயின் அளவைப் பொறுத்தது. அதை முடிவு செய்வது வண்டியின் கம்ப்யூட்டர். அதைத் தொடாமல் குழாயை மட்டும் மாற்றினால் காதுக்குக் கிடைப்பது அதிகம். சக்கரத்துக்குக் கிடைப்பது கொஞ்சம். கம்ப்யூட்டரைத் தொட்டு எண்ணெயைக் கூட்டினாலோ கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சுமை கூடும். கம்பெனி உத்தரவாதமும் கேள்விக்குறியாகும். டர்போ இல்லாத பழைய வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அளவுக்கு மீறி அகலமான குழாயைப் போட்டால் புகையின் ஓட்டம் மந்தமாகி, மெதுவாகப் போகும்போது இருந்த இழுவையும் குறைந்து போகலாம்.

"டீசல் மிச்சம்" என்ற பேச்சையும் கொஞ்சம் பார்ப்போம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 80 லிட்டர் பிடிக்கும் தொட்டியை நிரப்ப ஒரே இரவில் 96 வெள்ளி கூடுதலாயிற்று. அதற்குப் பிறகு காசை மிச்சப்படுத்த எந்த வழி சொன்னாலும் நம் ஆள்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஆனால் சத்தம் நன்றாக இருந்தால் கால் சும்மா இருக்குமா? எக்ஸலேட்டரை மிதிக்கத்தான் தோன்றும். மிச்சமாக வேண்டிய டீசல் அங்கேயே புகையாகப் போய்விடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது

வண்டி இழுக்கவில்லை என்று சொல்பவர்கள் குழாய்க் கடைக்கு ஓடுவதற்கு முன் காற்று ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். செம்மண் சடக்கில் லோரிக்குப் பின்னால் ஓடும் வண்டியின் ஃபில்டர் பட்டணத்து வண்டியின் ஃபில்டரை விடச் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். பிறகு டீசல் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு, டயர்க் காற்று என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கரும்புகை கக்குகிறது என்றால் எரியும் எண்ணெய்க்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்று பொருள். அதற்கு மருந்து வால்குழாயில் இல்லை. இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு புது எக்ஸோஸின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

நியாயமான காரணமும் உண்டு. தோட்டத்து வண்டியின் எக்ஸோஸ் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. மழையும் சேறும் மட்டுமல்ல, நாம் ஏற்றும் உரமும் அதற்குக் காரணம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் உப்பு வகையைச் சேர்ந்தது. ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். உரம் ஏற்றிய அன்றே வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுவது நல்லது. ஓட்டை விழுந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். அப்போது கொஞ்சம் கூடுதல் காசு போட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் வாங்குவதில் தவறில்லை. ஆனால் சைலன்சர் உள்ளதாக, வடிப்பானைத் தொடாததாக, உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் மாடலுக்கும் பொருந்துவதாகக் கேட்டு வாங்க வேண்டும். வடிப்பானை வெட்டி எறியச் சொல்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். புது வண்டிகளில் அதை எடுத்தால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். எஞ்சின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்வதும் உண்டு.

பூட்டும் முறை

பட்டறையில் கொடுத்தாலும் சரி, வீட்டு வாசலில் நண்பர்களோடு பூட்டினாலும் சரி, கவனிக்க வேண்டியவை இவை.

முந்தின நாள் மாலையே பழைய போல்டு நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் குழாய் நன்றாக ஆறியிருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். ஓடி வந்த வண்டியின் குழாய் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். தொட்டால் தோல் அதோடு போய்விடும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைபிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. செங்கல், மரத்துண்டு அடுக்கி முட்டுக் கொடுப்பதும் ஆபத்து. இதற்கென்றே இருக்கும் இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்கினால் ஆயுசுக்கும் வரும். பிக்கப் என்பது இரண்டு டன் எடையை நெருங்கும் வண்டி என்பதை மறக்க வேண்டாம்.

பழைய குழாயைத் தாங்கும் ரப்பர்களில் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் எளிதில் கழன்றுவரும். குழாயில் சென்சர் இருந்தால் அதன் வயரை இழுத்து அறுத்துவிடாமல் முதலில் கழற்றி வையுங்கள். கழற்றிய குழாய் நல்ல நிலையில் இருந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீர்கள். வண்டிச் சோதனைக்குப் போகும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

புதுக் குழாயை எஞ்சின் பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கி வரிசையாக மாட்டுங்கள். எல்லா இணைப்புக்கும் புது கேஸ்கெட் போட வேண்டும். நட்டுகளை எடுத்த எடுப்பில் இறுக்காமல் தளர்வாக விட்டு, முதலில் இடைவெளியைப் பாருங்கள். பிரேக் குழாய், வயர், டீசல் தொட்டி, ஸ்பேர் டயர், சுழலும் தண்டு இவற்றில் எதையும் எக்ஸோஸ் ஒட்டி நிற்கக் கூடாது. பிக்கப்பில் இன்னொரு சங்கதி உண்டு. வெறும் வண்டியில் இடைவெளி தாராளமாகத் தெரியும். பின்னால் குலையை ஏற்றியதும் வண்டி அமுங்கி, பின் அச்சுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். சுமையை மனதில் வைத்தே அளவு பார்க்க வேண்டும். எல்லாம் சரியான பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டு வாருங்கள்.

வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் பேட்டரியின் வயரைக் கழற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் கெட்டுப்போகக்கூடும். டீசல் தொட்டியும் பக்கத்தில்தான் இருக்கிறது.

குழாயின் வாய் வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். பின்பெட்டிக்கு அடியிலேயே முடிந்தால் புகை மேலே ஏறி உள்ளே நுழையும். கடைசியாக, குழாய் சூடேறுமுன் எஞ்சினைக் கிளப்பி இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் ஒழுக்கு இருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்க வேண்டும். இணைப்பில் கரி படிந்திருந்தால் அதுவும் ஒழுக்கின் அடையாளமே.

புகையும் சத்தமும்

ஒழுக்கு என்றால் சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2012-ஆம் ஆண்டிலேயே உறுதியாக அறிவித்துவிட்டது. கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்குவதும், கூண்டு போட்ட பின்பெட்டியில் ஆள்களை ஏற்றிப் போவதும் உயிரோடு விளையாடும் காரியம். அந்தப் பின்பெட்டியில் உட்காருபவர்கள் வேறு யாருமல்ல, நம்மோடு வேலை செய்யும் சக தொழிலாளர்களே. சூடான குழாயைக் காய்ந்த லாலாங் புல்மேல் நிறுத்திவிட்டுப் போவதும் தீயை வரவழைக்கும்.

சத்தத்துக்கு வருவோம். வேலையிடச் சத்தத்துக்கு 2019-ஆம் ஆண்டு விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. மூன்று டெசிபெல் கூடினால் சத்தத்தின் சக்தி இரு மடங்காகிறது. பகலெல்லாம் புல்வெட்டும் மிசினைத் தோளில் சுமந்து காது மரத்துப்போனவன், மாலையில் ஏறும் வண்டியிலும் அதே இரைச்சலைக் கேட்க வேண்டுமா?

சட்டமும் சும்மா இல்லை. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதே ஆண்டு வந்த வாகனச் சத்த விதிமுறைகளும் இதற்குப் பொருந்தும். ஜேபிஜேயும் போலீசும் சடக்கில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். சம்மன் கட்டாமல் கிடந்தால் ரோட் டெக்ஸ் எடுக்க முடியாமல் போகும். ரோட் டெக்ஸ் இல்லாத வண்டி குலை ஏற்ற முடியாது. குலை ஏற்றாத மாதம் வண்டித் தவணையை யார் கட்டுவது? மாற்றியதைச் சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்சுக்காரர்களோடும் வழக்காட நேரிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. லயத்து வீடுகளின் பலகைச் சுவருக்கு இரவு பதினொரு மணிக்கு வரும் வண்டியின் அதிர்ச்சியைத் தடுக்கும் வலிமை கிடையாது. உள்ளே விடியற்காலை நாலு மணிக்கு எழ வேண்டிய தாய் படுத்திருப்பாள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். தூக்கம் வராமல் புரளும் தாத்தா இருப்பார். "நம்ம பையன் வண்டிதானே" என்று அவர்கள் வாய் திறந்து சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொறுமையை நாம் உரிமையாக எடுத்துக்கொள்ளலாமா?

தம்பிகளே, வண்டியை ஆசையோடு வைத்துக்கொள்ளுங்கள், அழகுபடுத்துங்கள். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குழாய் ஓட்டையானால் நல்லதாகப் பார்த்து மாற்றுங்கள், முறையாகப் பூட்டுங்கள். சத்தத்துக்கென்றே எடுத்துவைத்த காசு கையில் இருந்தால், அதில் இரண்டு புது டயரும் ஒரு ஃபில்டரும் வாங்கிப் போட்டுவிட்டு, மீதியை அடுத்த மாதத் தவணைக்கு ஒதுக்கி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.