தாய்க் கொட்டாரமும் நம் வீடுகளும்

விடுமுறை வந்தால் நம் அங்கத்தினர் பலர் பாறசாலையில் ரயிலேறி நாகர்கோவிலுக்கும் குமரிமுனைக்கும் குடும்பத்துடன் செல்கின்றனர். வழியில் இரணியலில் இறங்கி, தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டு வருவோர் சிலரே. பயணச்சீட்டு வழங்கும் பணியிலிருப்பதால் இதை நான் அறிவேன்.

அரண்மனை என்றதும் பளிங்கை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். அங்குள்ளவை மரமும் ஓடும் சுண்ணாம்புமே. அதன் மிகப் பழைய பகுதி தாய்க் கொட்டாரம். இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்திலோ அதற்கு முன்போ எழுப்பப்பெற்றது என்பர். உண்மையில் அது ஒரு நாலுகெட்டு வீடுதான். நாற்புறக் கூரைகளும் நடுமுற்றத்தை நோக்கிச் சரிந்திறங்க, மூலைக்கொன்றாக மரத்தூண்கள் தாங்கி நிற்கின்றன. இரு பருவமழையும் கொட்டும் நம் பகுதியில் சுவருக்குப் பகை ஈரமன்றோ? கூரை விளிம்பு சுவரைத் தாண்டித் தாழ்ந்திருப்பதால் சாரல் சுவரை அணுகுவதில்லை. முற்றத்தின் வழியே ஒளியும் காற்றும் உட்புகுகின்றன. ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூணொன்று உண்டு. சாளரங்களின் சாய்வான மரச்சட்டங்கள் வழியே உள்ளிருப்போர் வீதியைக் காணலாம். வீதியிலிருப்போர் உள்ளே காணவியலாது.

கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை, சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கலந்து இழைத்ததாம். எத்தனை முட்டை செலவாயிற்றோ என்று என் மனையாள் வியந்தாள். அவள் கவலை அவளுக்கு!

மார்த்தாண்டவர்மர் பின்னர் நான்கு நிலை உப்பரிகை மாளிகையை எழுப்பினார். 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த்தமிழகத்துடன் இணைந்த பின்னும், தமிழ் மண்ணிலுள்ள இவ்வரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பேணி வருகிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி தேவி நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் எழுந்தருள்வதை நம்மில் பலர் வீதியில் நின்று வணங்கியிருக்கிறோம்.

இதை எழுத வேறொரு காரணமும் உண்டு. நாஞ்சில் நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த என் பாட்டனார் திருப்புறத்தில் கட்டிய ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு எழுப்புவதென்று சகோதரர்கள் கூடி முடிவு செய்தோம். மரவியாபாரியும் வந்து உத்தரங்களை அளந்து, விலை பேசிச் சென்றார். தாய்க் கொட்டாரத்தைக் கண்டு திரும்பிய அன்றிரவு, எங்கள் வீட்டு உத்தரங்களை விளக்கெடுத்துப் பார்த்தேன். ஆணியே இல்லாத அதே பொருத்து வேலை! ஒழுகுவது மேற்கூரையின் ஒரு மூலை மட்டுமே.

ஓடு மாற்ற ஆகும் செலவைக் கணக்கிடுமாறு எங்களூர் மூத்த ஆசாரியிடம் கூறியிருக்கிறேன். தம்பிமார் இன்னும் இசையவில்லை. வியாபாரியிடம் தை மாதம்வரை தவணை கேட்டிருக்கிறேன்.