பல உணர்கருவிகளும் ஒரு மாற்றியும்

கொழும்புக்குத் தெற்கே பேருவளைக் கடற்கரை மணலில் தோரியம் செறிந்த மொனசைற்றுக் கனியம் உண்டு. அம்மணலையும், அயலிலுள்ள மண், நீர், உணவு மாதிரிகளையும் ஒரே வேளையில் அளப்பதற்குப் பல உணர்கருவிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கமாற்றி வாங்குதல் சிறு ஆய்வுகூடங்களுக்குப் பெருஞ்சுமை. ஒன்றையே பகிர்ந்துகொள்ள இயலுமா என்பதே நாம் இங்கு ஆராயும் வினா.

காமாக் கதிர் உணர்கருவியில் இழக்கும் சத்திக்கு விகிதசமமான உயரமுடைய மின்துடிப்பு எழுகின்றது. மாற்றி அவ்வுயரத்தை எண்ணாக்குகின்றது. நான்கு உணர்கருவிகளின் துடிப்புகள் ஒரு மாற்றியை அடையும்போது, வழிப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் அது வந்த வாயிலின் அடையாளத்தை இடுகின்றது. 4096 அறைகள் கொண்ட நினைவகம் 1024 அறைகள் வீதம் பிரிக்கப்பட்டு, நான்கு நிறமாலைகளும் தனித்தனியே சேர்கின்றன. இரு துடிப்புகள் ஏககாலத்தில் வரின் இரண்டும் நிராகரிக்கப்படும். அன்றேல் அவற்றின் உயரங்கள் கூடிப் பொய்யான சத்தியைக் காட்டும்.

இடர் நேரத்திலேயே உளது. 100 மெகாஹேட்ஸ் கடிகாரமுடைய வில்கின்சன் வகை மாற்றி, 1000ஆம் அறைக்குரிய துடிப்பை எண்ண 10 மைக்கிரோசெக்கன் கொள்ளும். மொனசைற்று செக்கனுக்கு அத்தகைய 5000 துடிப்புகளைத் தரின், மாற்றி ஏறத்தாழ 5 சதவீத நேரம் வேறெதையும் ஏற்காது. செக்கனுக்கு இரண்டே துடிப்புத் தரும் உணவு மாதிரியும் அவ்விழப்பைச் சுமக்கும். அதைத் திருத்தாதுவிடின், மக்கள் உண்பதிலுள்ள கதிர்த்தொழிற்பாட்டை நாம் குறைத்தே மதிப்பிடுவோம். ஆதலின் மாற்றி உண்மையில் திறந்திருந்த நேரத்தைக்கொண்டே ஒவ்வொரு மாதிரியையும் கணித்தல் வேண்டும். வலிய மாதிரியைத் தனியே அளத்தல் அதனினும் நன்று.