ஃபவுண்டேஷன் போட்டால் முகம் ஏன் சாம்பல் பூக்கிறது?

நிறம் பார்த்துத்தான் வாங்கினீர்கள். வெயிலுக்கு வந்தால் முகம் மட்டும் வெளிறித் தெரிகிறது. ஏன்? தோலின் நிறம் ஒரே அடுக்கில் இல்லை. மெலனின் பழுப்பைத் தருகிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் சிவப்பையும் கரோட்டின் மஞ்சளையும் சேர்க்கின்றன. மெல்லிய சேலைக்குள்ளிருந்து உள்பாவாடையின் நிறம் தெரிவதுபோல அடியிலுள்ள சாயல் மேலே எழும்பி வரும். அதுதான் அண்டர்டோன். ஃபவுண்டேஷனிலோ மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்திருக்கின்றன. மாநிறத் தோலில் வெள்ளை மிகுந்து, மஞ்சளும் சிவப்பும் குறைந்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

மணிக்கட்டு நரம்பு பச்சையாக இருந்தால் மஞ்சள் சாயல், நீலமாக இருந்தால் ரோஜா சாயல் என்கிறார்களே? அதை நம்பி வாங்காதீர்கள். நரம்பின் நிறம் அது இருக்கும் ஆழத்தையும் பொறுத்தது. கருமையான தோலில் நரம்பே தெரியாமல் போகலாம். புறங்கையில் தடவிப் பார்ப்பதும் சரிவராது, அதன் நிறம் பெரும்பாலும் முகத்தின் நிறமாக இருப்பதில்லை. மூன்று ஷேடுகளைத் தாடையோரம் கோடாக இழுத்து, பத்து நிமிடம் உலரவிட்டு, கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தோடு கலந்து மறைகிற கோடுதான் உங்களுக்கு உரியது. 'ஒரு ஷேடு வெளுப்பாக எடுங்கள், பளிச்சென்றிருக்கும்' என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.