ஆகாரம் மறுக்கும் காவல் நாய்: காரணங்களும் பரிகாரமும்

இராமநாதபுரம் ஜில்லாவில் ஆடு வளர்ப்போர்க்கும் மீன்பிடிப்போர்க்கும் நாய் ஓர் இன்றியமையாத துணையாகும். கமுதி, முதுகுளத்தூர், திருவாடானைப் பக்கங்களில் அறுவடை முடிந்த நிலங்களில் கிடை அமர்த்தும் கீதாரிகள், இரவில் நரிக்கும் திருடனுக்கும் அஞ்சாது கண்ணயர்வது நாயின் பலத்தினாலேயே. மண்டபம், பாம்பன், இராமேசுவரம் கரைகளில் வலையையும் கருவாட்டுக் களத்தையும் காப்பதும் அதுவே. இத்தகைய நாய் தட்டில் வைத்த கூழை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால், அதை "நாக்கு ருசி கண்ட நாய்" என்று ஏசிவிட்டு விடுவது வழக்கம். சில சமயம் அவ்வாறு விட்டுவிடுதல் சரியே. வேறு சில சமயம் அது வீட்டாரின் உயிருக்கே ஆபத்தாய் முடியும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் முறையும், ஒவ்வொன்றுக்கும் செய்யத்தக்க பரிகாரமும் கீழே விவரிக்கப்படுகின்றன.

பழக்கமா, வியாதியா?

முதலில் நாயின் உடலைக் கவனிக்க வேண்டும். விலாப்புறத்தில் கையை வைத்துத் தடவும்போது, மெல்லிய சதைக்குக் கீழே எலும்புகள் கைக்குத் தென்பட்டால் உடல் நல்ல நிலையில் இருக்கிறது. எலும்பே தென்படாவிடில் நாய் மிகையாகக் கொழுத்துள்ளது. அது ஒரு வேளை உணவை மறுப்பதில் வியப்பில்லை. எலும்புகள் தூரத்திலிருந்தே எண்ணும்படி துருத்தி நின்றால் அது கவலைக்குரியது.

அடுத்து அதன் நடத்தையைக் கவனிக்க வேண்டும். கூழை மறுத்த நாய், ஒரு மீன் துண்டைக் கண்டவுடன் துள்ளி வருமாயின், வழக்கம்போல் ஜலம் குடித்து, அந்நியரைக் கண்டு குரைத்து, மலஜலம் ஒழுங்காகக் கழிக்குமாயின், அது பெரும்பாலும் பழக்கத்தால் வந்த குறையே. விருப்பமான பண்டத்தையும் மறுத்து, மூலையில் ஒடுங்கிக் கிடக்குமாயின், அது வியாதி என்றே கொள்ளல் வேண்டும்.

சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலில் எல்லா நாய்களும் உணவைக் குறைத்துக்கொள்ளும். பெட்டை நாய் பருவத்திற்கு வரும் நாட்களில் அதுவும், அதை நாடி அலையும் கடுவனும் உணவில் நாட்டம் இழப்பதுண்டு. இவை தாமே நீங்கும்.

கெட்ட பழக்கம் உண்டாகும் விதம்

நாய் பிறவியிலேயே ருசி பேதம் பாராட்டுவதில்லை. பெரும்பாலும் வளர்ப்போரே அதைக் கற்பிக்கின்றனர். காலையில் வைத்த கம்பங்கூழை நாய் உண்ணாவிட்டால், வீட்டார் இரக்கப்பட்டுச் சிறிது மீன் குழம்பை ஊற்றுகின்றனர். மறுநாள் குழம்பு சேர்த்தும் உண்ணாவிட்டால் பொரித்த மீனைப் போடுகின்றனர். "மறுத்தால் மேலானது கிடைக்கும்" என்று நாய் சில நாட்களில் தெரிந்துகொள்கிறது. பிள்ளைகள் இடையிடையே எறியும் முறுக்கும் ரொட்டியும், மீன் இறங்கும் துறையில் பொறுக்கித் தின்னும் கழிவும் இதனுடன் சேர்ந்தால், தட்டிலுள்ளதை உண்ணப் பசியே இராது. எனவே தட்டைக் குறை கூறுமுன், நாய் வெளியில் என்ன தின்கிறது என்பதை ஒரு நாள் பின்தொடர்ந்து பார்த்தல் நலம்.

திருத்தும் முறை

வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு நாளைக்கு இரண்டு வேளை போதும். இக்கரையோரத்தின் வெப்பத்தில் அதிகாலையும், பொழுது சாய்ந்த பின்னும் ஏற்ற நேரங்கள். குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், வீட்டிலுள்ள ஒருவரே உணவு வைத்தல் வேண்டும். தட்டை 15 அல்லது 20 நிமிஷங்கள் மட்டும் வைத்திருந்து, உண்டாலும் உண்ணாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும். கெஞ்சுதல், கையால் ஊட்டுதல், அடித்தல் ஆகிய எதுவும் கூடாது. அடுத்த வேளை வரையில் ஜலம் தவிர வேறொன்றும் தரலாகாது. வீட்டிலுள்ள அனைவரும் இதற்கு உடன்பட வேண்டும்; ஒருவர் மறைவில் ஒரு கவளம் கொடுப்பினும் முயற்சி வீணாகும்.

இம்முறையில் பெரும்பாலான நாய்கள் இரண்டு மூன்று நாட்களில் வழிக்கு வரும். ஆயினும் ஒரு முழு நாளுக்கு மேல் எதையுமே தொடாத நாயைப் பிடிவாதம் என்று எண்ணி மேலும் பட்டினி போடாமல், கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டிகள், சினை நாய்கள், பால் கொடுக்கும் நாய்கள், முதிர்ந்த நாய்கள் ஆகியவற்றுக்கு இப்பட்டினி முறை அறவே பொருந்தாது. குட்டி இரண்டு வேளை உண்ணாவிடினும் தாமதித்தல் தகாது.

உணவு வகையை மாற்ற விரும்புவோர் பழைய உணவில் புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, 7 முதல் 10 நாட்களில் முழுதும் மாற்றலாம். உணவை இளஞ்சூடாக வைத்தால் மணம் எழும்; நாய் நாவினும் மூக்கையே நம்பி உண்ணும் பிராணியாதலால், பல சமயம் இதுவொன்றே போதுமானது.

அளவும் பண்டமும்

சுமார் 20 கிலோ எடையுள்ள, காவல் வேலை செய்யும் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கலோரி உணவு வேண்டும். 200 கிராம் கம்பு, கேழ்வரகு அல்லது அரிசியை நன்கு குழைய வேகவைத்து, 250 முதல் 300 கிராம் வேகவைத்த மீனைச் சேர்த்தால் அவ்வளவு கிடைக்கும். இதை இரு வேளைக்குப் பங்கிட்டுக்கொள்க. வெறும் கூழ் மாத்திரம் நாய்க்குப் போதிய புரதத்தைத் தராது. ஆகவே கூழை மறுத்து மீனை நாடும் நாய் எப்போதும் ருசிக்காகவே நாடுகிறது என்று சொல்வதற்கில்லை. உடலின் தேவையும் அதில் இருக்கலாம். மீனைத் தனித் துண்டாகப் போடாமல் கூழுடன் நன்றாகப் பிசைந்து வைத்தால், நாய் ஒன்றைப் பொறுக்கி ஒன்றை ஒதுக்க இயலாது. வெங்காயம், பூண்டு, காரம் சேர்ந்த குழம்பு நாய்க்கு ஆகாது. வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கும்.

மீன் கொடுப்பதில் எச்சரிக்கை

கடற்கரையில் மீன் மலிவாகக் கிடைப்பதால் பலர் அதைப் பச்சையாகவே போடுகின்றனர். சாளை, நெத்திலி இனங்களைச் சேர்ந்த சில மீன்களின் பச்சை மாமிசத்தில், தயமின் என்னும் ஜீவசத்தை அழிக்கும் பொருள் ஒன்று உண்டு. அத்தகைய மீனையே நெடுநாள் பச்சையாகத் தின்னும் நாய்க்குத் தயமின் குறைந்து, முதலில் பசி மந்தமாகும். பின்னர் தள்ளாட்டமும் வலிப்பும் காணும். மீனை வேகவைத்தால் அப்பொருள் அழிந்துவிடும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பலமுறை கழுவி, உப்பை நீக்கியே கொடுக்க வேண்டும்.

பேத்தை மீனின் விஷமோ வேகவைத்தாலும் நீங்காது. வலையில் அகப்படும் பேத்தையைக் கரையில் எறியாமல் புதைத்துவிடுதல் நலம். எறிந்த தூண்டில் இரையைத் தின்ற நாய், எச்சில் வழிய, கழுத்தை நீட்டிக்கொண்டு உணவை மறுக்குமாயின், முள் சிக்கியிருக்கலாம். வாயில் நரம்பு தொங்கினால் அதை இழுத்தல் கூடாது. முள் மேலும் ஆழமாகப் பதியும். மருத்துவரே அதை எடுக்க வேண்டும்.

கிடை நாய்க்குப் பச்சைத் தலை வேண்டாம்

உண்ணாத நாயை ஆசை காட்டி உண்பிக்க, இறந்த ஆட்டின் தலையையோ குடலையோ பச்சையாக எறிவது கிடைகளில் காணும் வழக்கம். இதனால் ஆட்டுக்கே கேடு விளைகிறது. நாயின் குடலில் வாழும் ஒரு வகை நாடாப்புழுவின் முட்டைகள் அதன் மலத்தின் வழியாக மேய்ச்சலில் விழுகின்றன. புல்லுடன் அவற்றை உண்ட ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி உண்டாகிறது. ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி மடிகிறது. அந்தத் தலையை மற்றொரு நாய் தின்றால் மீண்டும் புழு உண்டாகிறது. தலையை ஆழப் புதைத்தோ எரித்தோ விடுதலும், கிடை நாய்களுக்கு மருத்துவர் சொற்படி மூன்று மாதத்திற்கொருமுறை பிராசிகுவாண்டல் கலந்த குடற்புழு மருந்து கொடுத்தலும் இச்சுழற்சியை அறுக்கும். குடற்புழு மலிந்த நாய்க்குப் பசி ஒழுங்காக இராதாகையால், நாய்க்கும் இது நன்மையே.

வியாதியின் அடையாளங்கள்

உண்ணி மிகுந்த நாய் காய்ச்சலுடன் உணவை மறுத்து, ஈறு வெளுத்து அல்லது மூக்கில் இரத்தம் கசிந்தால், அது உண்ணியால் பரவும் இரத்த வியாதியாகலாம். குட்டிக்கு வாந்தியும் இரத்தபேதியும் கண்டால் பார்வோ என்னும் கொடிய தொற்றாகலாம். பல் சொத்தை, ஈறு வீக்கம், காமாலை, சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் பசியைக் கெடுக்கும். இவற்றுள் எதற்கும் வீட்டு வைத்தியம் செய்து காலம் கடத்தலாகாது.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது

வெறிநோய் கண்ட நாய் எப்போதும் ஓடிக் கடிக்கும் என்று எண்ணுவது தவறு. சில நாய்கள் அமைதியாக ஒடுங்கி, கீழ்த்தாடை தொங்க, எச்சில் வழிய, உணவை வாயில் எடுத்தும் விழுங்க மாட்டாமல் நிற்கும். குரலும் மாறும். "தொண்டையில் எலும்பு சிக்கியது" என்று இரங்கி, வளர்த்தவர் வாய்க்குள் கையை விடுகிறார். கையிலுள்ள சிறு கீறலின் வழியே எச்சில் புகுந்தாலும் நோய் தொற்றும். நோய் அடையாளம் மனிதருக்குத் தோன்றியபின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு நோய் தந்தது நாயே.

ஆகவே விழுங்க முடியாத நாயின் வாயில் ஒருபோதும் கை வைக்கலாகாது. அதைத் தனியே அடைத்து, பிள்ளைகளை விலக்கி, கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டால், அல்லது எச்சில் புண்ணில் பட்டால், அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் ஜலத்தில் 15 நிமிஷம் கழுவி, சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய் எதுவும் தடவாமல், அன்றே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் 1885இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இவ்வூசியைச் செலுத்தினார். தென்னாட்டில் இதற்கென 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. வயிற்றைச் சுற்றிப் பல ஊசிகள் போட்ட பழைய முறை இந்தியாவில் 2004உடன் ஒழிந்தது. இக்காலத்து ஊசி கையில் போடப்படுவது, அஞ்ச வேண்டுவதில்லை. ஆழ்ந்த காயத்திற்கு ஊசியுடன் தனிச் சீரமும் தேவைப்படும். குறித்த தவணைகள் அனைத்தையும் தவறாது முடித்தல் வேண்டும்.

குட்டி மூன்று மாதம் நிரம்பியதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் சொற்படி ஆண்டுதோறும் போட்டுவரின் இந்த அச்சம் பெரிதும் நீங்கும்.

சுருங்கச் சொல்லின், மீனுக்குத் துள்ளி வந்து கூழை மறுக்கும் நாய்க்கு நேரக் கட்டுப்பாடே மருந்து. மீனையும் மறுக்கும் நாய்க்குக் கால்நடை மருத்துவரே வழி. உண்ண விரும்பியும் விழுங்க இயலாத நாய்க்கு முதலில் செய்ய வேண்டியது, நம் கையை விலக்கிக்கொள்வதேயாம்.